ஏரிக்கரையில் விழும் பழம்

கீழ்பென்னாத்தூர் கடைத்தெருவில் ஆப்பிள் மலிந்துவிட்டது. ஆவணியில் இமாசலத்துச் சரக்கு இறங்கும், புரட்டாசியில் காஷ்மீர்ப் பழமும் வந்து சேரும். தள்ளுவண்டியில் ஒலிபெருக்கி கட்டி விற்கிறார்கள். இரண்டு கிலோ வாங்கிவந்த மருமகள், ஜெர்மனியில் வீட்டுக்கு வீடு செய்யும் ஆப்பிள் கேக்கைச் செய்துபார்க்கலாம் என்றாள். வீட்டில் ஓவன் கிடையாது. குக்கரின் கேஸ்கட்டையும் விசிலையும் கழற்றிவிட்டு, அடியில் கல்லுப்பைப் பரப்பி, அதன்மேல் கிண்ணத்தை வைத்தாள். பழத்தைத் துருவாமல் மெல்லிய பிளவுகளாக நறுக்கி மாவின்மேல் அடுக்கி, பட்டைத்தூளும் சர்க்கரையும் தூவினாள். முக்கால் மணி நேரத்தில் பிளவுகள் மாவுக்குள் பாதி இறங்கி, ஓரமெல்லாம் பழுப்பேறியிருந்தது. முதல் துண்டு ஆறுவதற்குள் பேரப்பிள்ளைகள் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டார்கள்.

ஜெர்மனியில் அந்தக் கேக் கடைப் பண்டமாகப் பிறந்ததல்ல. கொல்லையில் ஒரு ஆப்பிள் மரம் இருக்கும். இலையுதிர் காலத்தில் பழம் மொத்தமாக விழும். அடிபட்ட பழத்தைச் சேர்த்துவைக்க முடியாது, விற்கவும் முடியாது. அதை நறுக்கி மாவில் போட்டுச் சுட்டார்கள். அதனால்தான் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கை அளவு, ஒரு பக்குவம்.

இந்த வாரம் ஆப்பிளைப் பற்றித்தான் எழுதுவதாக இருந்தேன். அமெரிக்காவிலிருந்து வந்து சிம்லாவுக்கு மேலே கோட்கரில் தங்கிவிட்ட சாமுவேல் ஸ்டோக்ஸ், 1916 வாக்கில் அங்கே அமெரிக்க ஆப்பிள் கன்றுகளை நட்டதும், பிறகு காங்கிரசில் சேர்ந்து சிறை போனதும், சத்யானந்த் என்று பெயர் மாற்றிக்கொண்டதும் ஒரு பத்திக்குத் தாங்கும் கதை. குறிப்பெல்லாம் எடுத்துவைத்தாயிற்று. ஆனால் செவ்வாய்க்கிழமை காலை ஏரிக்கரையில் கண்டது அத்தனையையும் ஒதுக்கிவைத்துவிட்டது.

பனம்பழம். கரை நெடுக விழுந்து கிடக்கிறது. டிராக்டர் சக்கரம் ஏறி நசுங்கியது பாதி, ஈ மொய்த்து நுரைத்துக் கிடப்பது மீதி. ஒவ்வொன்றும் ஒரு கிலோவுக்குக் குறையாது. மேல்தோல் கறுப்பு, பிளந்த இடத்தில் பளீரென்ற மஞ்சள் நார். தெருமுனை வரை அந்த இனிப்பு வாசம் வருகிறது. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் லாரியில் வந்த பழத்தில் கேக் சுட்டுச் சாப்பிட்டுவிட்டு வந்த எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

பனையைப் பற்றி நான் எழுதுவது இது முதல் தடவை அல்ல என்று இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். செங்கல் சூளைக்கு மரம் போவதைப் பற்றி எழுதியபோது, ‘பனையால் எனக்கு என்ன வருமானம்? நிழல்கூடக் கிடையாது’ என்று நிலக்காரர் ஒருவர் கடிதம் போட்டிருந்தார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. 2021இல் வேளாண்மைக்கென்று போட்ட முதல் தனி நிதிநிலை அறிக்கையிலேயே, பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அரசு அறிவித்தது. 76 லட்சம் பனை விதை கொடுப்பதாகவும் சொன்னது. இரண்டும் நல்லவை. ஆனால் இன்று ஊன்றும் விதை காய்க்கப் பதினைந்து வருடமாவது ஆகும். பாளை விடும்வரை அது ஆணா பெண்ணா என்றும் தெரியாது. இன்றைக்குக் காய்த்து நிற்கிற பெண் பனையைக் காப்பாற்ற, அதன் பழம் யாருக்காவது வேண்டியதாக இருக்கவேண்டும்.

எங்கள் பக்கம் பனம்பழத்தைச் சுட்டுத் தின்பதோடு சரி. எங்கள் ஆயா ஓலையைக் கொளுத்தி அதில் போட்டுப் புரட்டுவாள். நாரைப் பல்லால் இழுத்து இழுத்துச் சப்பி, முகமெல்லாம் மஞ்சளாகித் திரிவோம். வெறும் மல்லாட்டையும் வெல்லமும் தின்று வளர்ந்த எங்களுக்கு அந்த ஒரு மாதம் கொண்டாட்டம். அதைப் பலகாரமாக்கும் கை எங்களிடம் இல்லை. அது யாழ்ப்பாணத்தாரிடம் இருக்கிறது.

எங்கள் மாவட்டத்து இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றில் இருக்கும் ஓர் அக்கா, 1990இல் தாயோடு படகேறி வந்தவர். கரையில் தேறின பழங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு அன்றைக்கே அவரிடம் போனேன். சாக்கைத் திறந்ததும், “உங்கட ஊரிலை இதை ஆருமே எடுக்கிறேல்லையோ தம்பி?” என்று கேட்டார். பதில் சொல்லக் கூச்சமாக இருந்தது.

தோலை உரித்து, கொட்டைகளைப் பிரித்து, ஒவ்வொன்றையும் கொஞ்சம் தண்ணீர் தொட்டு உள்ளங்கையால் பிசைந்தார். மிக்சியைக் காட்டினேன். “தும்பு அறுந்து களியோடை கலந்திடும், கையாலைதான் பிசையோணும்” என்றார். துணியில் வடித்த களி மாம்பழச் சாற்றைவிடக் கெட்டி. பழத்துக்குப் பழம் நாவில் தொட்டுப் பார்த்து, கசந்ததை ஒதுக்கினார். அந்தக் கசப்புக்குக் காரணம் பிளாபெல்லிபெரின் என்னும் பொருள் என்று இலங்கை ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். எந்த மரத்துப் பழம் கசக்கும் என்று நினைவு வைத்திருந்து அந்த மரத்தையே தாண்டிப் போய்விடுவாராம் அவர் தாயார்.

களியைச் சர்க்கரையோடு அடுப்பில் ஏற்றி, காறல் போகும்வரை கிண்டி இறக்கினார். ஆறியபின் உப்பும் கோதுமை மாவும் சேர்த்துப் பிசைந்தார். அளவு கேட்டேன். விரலில் ஒட்டவும் வேண்டும், விரலை விட்டு விழவும் வேண்டும், அவ்வளவுதான் என்றார். காய்ந்த எண்ணெயில் நெல்லிக்காய் அளவு கிள்ளிக் கிள்ளிப் போட, உருண்டை செம்பழுப்பாகி மேலே வந்தது. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. பனங்காய்ப் பணியாரம் என்பது இதுதான். சுட்ட அன்றைக்கு விட மறுநாள் ருசி என்று ஒரு டப்பாவை மூடிக் கையில் கொடுத்தார். மறுநாள் அது உண்மையாகவே இருந்தது.

யாழ்ப்பாணத்தில் மட்டும் இல்லை. கிருஷ்ண ஜெயந்திக்கு நாம் சீடை சுடும்போது வங்காளிகள் இதே களியில் தாலேர் பொரா சுடுகிறார்கள். தாய்லாந்தில் அரிசி மாவு, தேங்காய்ப் பால், சர்க்கரையோடு களியைக் கலந்து வைப்பார்கள். பழத்திலுள்ள ஈஸ்டே மாவைப் பொங்கவைக்கும். வாழையிலைக் கிண்ணங்களில் ஊற்றி, தேங்காய்த் துருவல் தூவி ஆவியில் வேகவைத்தால் மஞ்சள் கேக். கனோம் தான் என்று பெயர். நம் இட்லிப் பானையே அதற்குப் போதும். மருமகளிடம் சொல்லியிருக்கிறேன், பேரப்பிள்ளைகள் நச்சரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மகளிர் குழுக்கள் அப்பளமும் ஊறுகாயும் போடுகிற ஒன்றியம் இது. ஆண்டில் இரண்டு மாதம் பனங்களியும் போடலாமே. அந்த நிலக்காரருக்கு அப்போது ஒரு பதில் கிடைக்கும்.

பிசைந்து முடித்த கொட்டைகளை அக்கா தூக்கிப் போடவில்லை. குடியிருப்புக்குப் பின்னால் மணல் மேடு கட்டி வரிசையாக அடுக்கினார். பொங்கலுக்குக் கிழங்கு.

புரட்டாசி முடியும்வரை பழம் விழும். எடுக்க நினைப்பவர்கள் விடிவதற்கு முன்னால் போங்கள். வெயில் ஏறிவிட்டால் வண்டும் எறும்பும் முந்திக்கொள்ளும். காற்று அடிக்கும்போது மட்டும் மரத்தடியில் நிற்க வேண்டாம்.