பாசியா, பிராணியா?

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி)



உயிரினங்களின் வகைப்பாடு என்ற தலைப்பைக் கண்டதுமே நம்மில் பலருக்குத் தலைவலி வந்துவிடுகிறது. உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்று விடியற்காலையில் எழுந்து உருப்போடுகிறோம். பரீட்சைத் தாளில் கொட்டுகிறோம். மணி அடித்ததும் மறந்துவிடுகிறோம். "இதையெல்லாம் படித்து எந்தக் கடலில் நீந்தப் போகிறோம்?" என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்கு விடை, தூத்துக்குடிக் கரையில் வாழும் நமக்கு, நம் கடலிலேயே மிதந்துகொண்டிருக்கிறது. உயிர்களை இனம் பிரித்துப் பெயரிடுவது வெறும் பரீட்சை வேலையன்று. கடலை நம்பி வாழ்வோருக்கு அது சோற்றோடும் உயிரோடும் சம்பந்தப்பட்டது. நாம் அதைப் படிக்கும் முறைதான் அதற்கு ஏற்றதாக இல்லை என்பது என் கருத்து.

2019-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் மன்னார் வளைகுடாவில், பாம்பன், மண்டபம் பகுதிகளில் கடல்நீர் பச்சைச் சாயம் கரைத்துவிட்டாற்போல் மாறியது. மீன்கள் செத்துக் கரையொதுங்கின. சிங்கிள் தீவை அடுத்த பவளங்களும் மடிந்தன. மீனவர்கள் இதனைப் பார்த்து, "பூங்கோரை" என்றார்கள். விஞ்ஞானிகள் அந்த நீரை ஆராய்ந்துவிட்டு, "நாக்டிலுகா சிண்டிலன்ஸ்" என்றார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் சென்னைக் கடற்கரையில் இரவு வேளையில் அலைகள் நீல நிறத்தில் ஒளிவிட்டன அல்லவா? அதற்கும் இதே உயிர்தான் காரணம் என்று அறிஞர்கள் கூறினர். நாக்டிலுகா என்ற லத்தீன் சொல்லுக்கு இரவில் ஒளிர்வது என்று பொருள். பகலில் பச்சை, இரவில் நீலம்! மேடையில் உடை மாற்றி வரும் நடிகையைப் போல இது நம்மை ஏமாற்றுகிறது.

இந்த உயிரைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். இதன் உடல் ஒரே ஒரு செல்லால் ஆனது. ஆயினும் பெரிய செல். கால் மில்லிமீட்டர் முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை வளரும். வெந்த ஜவ்வரிசியைப் போல உருண்டையாக, கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும். அதிலிருந்து ஒரு சிறு துதிக்கை நீண்டிருக்கும். அதனால் டயாட்டம் என்னும் நுண்பாசிகளையும், மீன் முட்டைகளையும்கூடப் பிடித்து விழுங்கிவிடும். விழுங்குவதனால் இது பிராணிதானே என்று நாம் எழுதிவிடலாம். ஆனால் நம் போன்ற வெப்பக் கடல்களில் வாழும் நாக்டிலுகாவின் உடலுக்குள் ஆயிரக்கணக்கான பச்சைப் பாசிகள் உயிரோடு நீந்திக்கொண்டிருக்கின்றன. அவை சூரிய ஒளியில் உணவு சமைக்கின்றன. வீட்டுக்காரனும் அதில் பங்கு பெறுகிறான். கடலைப் பச்சையாக்குவது இந்தக் குடித்தனக்காரர்களின் நிறமே. குளிர்ந்த கடல்களில் வாழும் நாக்டிலுகாவுக்கு இந்தக் குடித்தனமும் இல்லை, பச்சையும் இல்லை. அங்கே அது பெருகினால் கடல் செந்நிறமாகும்.

இப்பொழுது சொல்லுங்கள், இது பாசியா, பிராணியா?

நாம் திகைப்பது இருக்கட்டும், பெரியவர்களே திகைத்திருக்கிறார்கள். 1810-இல் மக்கார்ட்னி என்பவர் இதற்குப் பெயரிட்டபோது 'மெடுசா' என்ற இனத்தில் வைத்தார். அதாவது, சொறி என்று நம் மீனவர் சொல்லும் ஜெல்லி மீனுக்குத் தம்பி என்றார். உருண்டையாக, கண்ணாடி போல மிதந்தால் வேறென்ன நினைப்பது? பிற்பாடு அது டைனோஃபிளாஜெல்லேட் என்ற கூட்டத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தது. அந்தக் கூட்டத்தையோ தாவரவியலாரும் தங்களுடையது என்றனர். விலங்கியலாரும் தங்களுடையது என்றனர். இரு சாராரும் தத்தம் விதிப்படி பெயர் வைத்தனர். ஒரு குழந்தைக்கு இரண்டு வீட்டாரும் பெயர் சூட்டினால் எப்படி இருக்கும்!

1969-இல் விட்டேக்கர் என்னும் அமெரிக்க அறிஞர் ஐந்துலக வகைப்பாட்டை வெளியிட்டார். அதில் இத்தகைய உயிர்களுக்குப் 'புரோட்டிஸ்டா' என்று ஓர் உலகம் கிடைத்தது. எனக்கென்னவோ அந்த உலகம், வீட்டில் எங்கே வைப்பது என்று தெரியாத சாமான்களையெல்லாம் போட்டுவைக்கும் பரண் போலவே தோன்றுகிறது. இக்கால அறிஞர்களும் அந்தப் பரணைப் பிரித்துத்தான் அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள். மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்ததில், டைனோஃபிளாஜெல்லேட்டுகளுக்கு நெருங்கிய உறவு பாசியுமன்று, சொறியுமன்று, மலேரியாக் கிருமி! கடலில் பச்சையாகப் படரும் பூங்கோரையும், கொசுவின் வழியாக நம் இரத்தத்தில் புகும் கிருமியும் ஒரே வம்சத்தின் இரு கிளைகள். இதைப் படித்த அன்று, வகைப்பாடு ஒரு துப்பறியும் கதையைவிடச் சுவையானது என்று எனக்குத் தோன்றியது. இந்தச் சுவையை விட்டுவிட்டு, முடிவாக வந்த அட்டவணையை மட்டும் மனப்பாடம் செய்வது, கரும்பைத் தின்னாமல் சக்கையை மட்டும் எண்ணுவதற்கு ஒப்பாகும்.

சரி, 'பிளாங்க்டன்' என்ற சொல்லுக்கு வருவோம். இதனை நாம் தமிழில் மிதவை உயிரிகள் என்கிறோம். பலர் இது ஏதோ ஓர் இனத்தின் பெயர் என்று எண்ணியிருக்கிறார்கள். அப்படியன்று. 1887-இல் ஜெர்மனியைச் சேர்ந்த விக்டர் ஹென்சன், அலைந்து திரிவது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயரை உண்டாக்கினார். நீரோட்டத்தை எதிர்த்துச் செல்ல வலிமையின்றி, அது இழுத்த பக்கம் போகிற எல்லா உயிர்களும் பிளாங்க்டனே. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான புரோகுளோரோகாக்கஸும் இதில் அடங்கும். இரண்டு மீட்டர் அகலக் குடையை விரித்து மிதக்கும் வடகடல் ஜெல்லி மீனும் அடங்கும். முன்னதைப் போன்ற நுண்ணிய மிதவைத் தாவரங்களும் பாக்டீரியாக்களுமே உலகில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழப் பாதியைச் செய்கின்றன. நம் வீட்டுச் சட்டியில் கொதிக்கும் சாளை மீன் அவற்றை உண்டு வளர்ந்ததுதான். ஹென்சனோடு கருத்து மாறுபட்ட ஹெக்கல், 1890-இல், நீந்திச் செல்வன 'நெக்டன்' என்றும், கடலடியில் வாழ்வன 'பெந்தாஸ்' என்றும் மேலும் இரு பெயர்களை வழங்கினார்.

ஆகவே, பிறப்பைப் பார்த்துப் பிரிப்பது ஒன்று. வாழும் விதத்தைப் பார்த்துப் பிரிப்பது மற்றொன்று. நண்டையே எடுத்துக்கொள்வோம். கடலடியில் நடக்கும் நண்டு பெந்தாஸ். ஆனால் அதன் குஞ்சுப் பருவம் முள் முளைத்த ஒரு சிறு பூச்சிபோல நீரில் மிதந்து திரிகிறது. அப்பொழுது அது பிளாங்க்டன். அந்தக் குஞ்சை ஒரு காலத்தில் 'ஜோயியா' என்று தனி உயிராகவே எண்ணிப் பெயரிட்டிருந்தார்கள். அயர்லாந்தில் கார்க் நகரில் இருந்த ஜான் வாகன் தாம்சன் என்ற இராணுவ மருத்துவர்தான், 1820-களில், கடல்நீரை மெல்லிய வலையால் வடித்து, அகப்பட்டவற்றை உயிரோடு வைத்து வளர்த்து, அவை நண்டின் பிள்ளைகள் என்று காட்டினார். தோணியின் அடிப்பலகையில் ஒட்டிக்கொண்டு, சுரண்டச் சுரண்டத் தொல்லை தரும் கொட்டலசைச் சிப்பி இனத்தில் சேர்த்திருந்தார்கள். அதன் குஞ்சையும் அவரே கவனித்து, 1830-இல், அது இறாலுக்கும் நண்டுக்கும் உறவு என்று நிறுவினார். அவர் பேராசிரியர் அல்லர். பொறுமையாகப் பார்த்தார், அவ்வளவுதான்.

இனி என் தோழியின் கேள்விக்கு வருகிறேன். 1981-ஆம் ஆண்டு தமிழகக் கரையில் நச்சேறிய மட்டியை உண்டு 85 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், மூவர் இறந்தனர். மட்டியும் சிப்பியும் கடல்நீரை வடிகட்டி, அதிலுள்ள மிதவை உயிர்களை உண்கின்றன. டைனோஃபிளாஜெல்லேட்டுகளில் சில நரம்பைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்குபவை. அவற்றைத் தின்ற மட்டியின் சதையில் நஞ்சு சேர்ந்துவிடுகிறது. எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் அது அழிவதில்லை. நம் பூங்கோரையும் அதே கூட்டத்தில் பிறந்ததுதான். ஆனால் அந்த நஞ்சு அதனிடம் இல்லை. அது அளவுக்கு மீறிப் பெருகி மடியும்போது, அழுகலில் நீரின் பிராணவாயு தீர்ந்துவிடுகிறது. அதன் உடலில் சேர்ந்துள்ள அம்மோனியாவும் நீரில் கலக்கிறது. 2019-இல் பவளங்கள் மடிந்ததும் பிராணவாயு குறைந்ததனாலேயே என்று ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் 'கடலில் பாசி' என்ற இரண்டே சொற்களில் அடங்கிவிடும். ஒன்றில், மட்டி தின்ன வேண்டாம் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டும். மற்றொன்றில், நஞ்சு நஞ்சு என்று கூவினால், எங்கோ நல்ல நீரில் பிடித்து வந்த மீனையும் சந்தையில் எவரும் தொடமாட்டார்கள். வல்லத்தில் போய்வந்த குடும்பம் அன்று பட்டினி கிடக்கும். எது எந்த உயிர் என்று பிரித்தறியத் தெரிந்த ஒருவர் கரையில் இருப்பது எவ்வளவு அவசியம் என்று பாருங்கள். அவர் அட்டவணையை ஒப்பித்தால் போதாது. உருப்பெருக்கியில் பார்த்துச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

லத்தீன் பெயர்தான் உயர்ந்தது, பூங்கோரை என்பது படியாதவர் பேச்சு என்று நினைப்பவர்களும் உண்டு. அதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அந்தப் பெயரை வைத்தவர்கள் கடலின் நிறத்தையும் வாடையையும், மீன் விலகிப் போவதையும் நெடுங்காலம் கவனித்தவர்கள். அதேபோல, நம் பெயரே போதும், லத்தீன் எதற்கு என்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. பூங்கோரை என்ற பெயரால் மலேரியாக் கிருமியின் உறவைக் கண்டுபிடிக்க முடியுமா? மஸ்கட்டிலிருக்கும் ஆராய்ச்சியாளருக்குப் பாம்பன் செய்தியைச் சொல்ல முடியுமா? இரண்டு பெயர்களையும் ஒரே பக்கத்தில் எழுதிவைக்க நம் நோட்டில் இடம் இருக்கிறது.

பரீட்சைக் கேள்விகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 'வகைப்பாட்டை அட்டவணைப்படுத்துக' என்று கேட்பதற்குப் பதில், 'கொட்டலசைச் சிப்பியோடு சேர்க்காமல் இறாலோடு சேர்ப்பது ஏன்?' என்று கேட்டால் என்ன? மதிப்பெண் குறையலாம். முதல் வருடம் நாங்கள் முணுமுணுப்போம். ஆனால் உருப்போட்டவளும் விளங்கிக்கொண்டவளும் யார் யார் என்று அன்றைக்குத் தெரிந்துவிடும்.

இன்னொரு விண்ணப்பம், இது நம் பள்ளிக்கு. ஆய்வுக்கூட அலமாரியில் உருப்பெருக்கி இருக்கிறது. வெங்காயத் தோலைப் பார்த்துப் பார்த்து அதற்கும் சலித்திருக்கும். ஹென்சன் காலத்து மிதவை வலையானது மாவு மில்லில் மாவு சலிக்கும் பட்டுத் துணியால் ஆனது. நமக்குப் பட்டு வேண்டாம். நெருக்கமான நைலான் துணி இரண்டு கெஜம், ஒரு கம்பி வளையம், நுனியில் கட்ட ஒரு சிறு குப்பி போதும். வல்லம் வைத்திருக்கும் பெற்றோர் பலர் இதைப் படிக்கிறார்கள். மாதத்துக்கு ஒருநாள் கடலிலிருந்து திரும்பும் வழியில் வலையைச் சற்று நேரம் மெதுவாக இழுத்து வந்து, குப்பியைப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பினால் போதும். அகப்பட்டதை வரைந்து, தேதியும் இடமும் குறித்து, மீனவர் சொல்லும் பெயரையும் நூலில் கண்ட பெயரையும் எழுதி வைப்போம். ஐந்து வருடம் சென்றால், எந்த மாதத்தில் நம் கரையில் எது மிதக்கிறது என்று நம் பள்ளி நோட்டைப் பார்த்தே சொல்லலாம்.

சகோதரியர்கள் அனுமதி தந்தால், வலையைத் தையல் வகுப்பில் நாங்களே தைத்துக்கொள்கிறோம்.