சேதுக் கடலின் பொன்மச்சக் கன்னி

பாதி பெண், பாதி விலங்கு. இப்படிப்பட்ட ஒருத்தி காதல் கதைக்கு நாயகி ஆகலாமா? மேல்நாட்டு நாவல்களில் இன்று அவளுக்குத் தனி மவுசு! கெல்லி ஆம்ஸ்ட்ராங் 2001-ல் வெளியிட்ட 'பிட்டன்' நாவலின் நாயகி எலினா, ஓநாயாக உருமாறுபவள். ஓநாய் மனிதர் கூட்டத்தில் அவள் ஒருத்தியே பெண். பாட்ரிஷியா பிரிக்ஸ் 2006-ல் படைத்த மெர்சி, பகலில் மோட்டார் மெக்கானிக். நினைத்தால், ஓநாய்க்கு உறவான கயோட்டி!

"இது என்ன விபரீதம்!" என்று முகம் சுளிப்பவர்கள் ராமேசுவரம் கடலைச் சற்றே நினைக்க வேண்டும். அந்தக் கடலிலேயே இப்படி ஒரு காதல் நடந்ததாகத் தாய்லாந்து மக்கள் கதை சொல்லுகிறார்கள்.

அவர்களுடைய ராமாயணம் 'ராமகியென்'. முதலாம் ராமா மன்னர் 1797-ல் அதைத் தொகுத்து எழுதச் செய்தார். அதில் ராவணனுக்கு ஒரு மகள்; பெயர் சுவர்ணமச்சை. இடைக்குக் கீழே பொன்னிற மீன். வானரங்கள் சேது கட்டக் கல்லைப் போடப் போட, தந்தையின் கட்டளைப்படி அவளுடைய மீன்படை கல்லைத் தூக்கிச் செல்கிறது. அநுமன் கடலுக்குள் பாய்கிறான். சண்டை காதலாகிறது. அவளே கற்களைத் திருப்பிக் கொடுக்கிறாள். அவர்களுக்கு மச்சானு என்று ஒரு மகனும் பிறக்கிறான்.

வால்மீகியிலும் கம்பனிலும் இவள் இல்லை. நமது அநுமன் பிரம்மசாரி அல்லவா? ஆயினும் கதையில் ஒரு நயம் உண்டு. காதலுக்காக அவள் வாலை இழக்கவில்லை. 1837-ல் ஆண்டர்சன் எழுதிய மச்சக் கன்னியோ, கால் பெறுவதற்காக நாவைக் கொடுத்தாள். முடிவில் கடல் நுரையானாள். பிறவிக் குணத்தைப் பறிகொடுத்தால்தான் பெண்ணுக்குக் காதல் கிட்டும் என்பது என்ன நியாயம்? எலினாவையும் மெர்சியையும் வாசகியர் விரும்புவதன் ரகசியம் இதுதான். அவர்கள் பல்லும் நகமும் உள்ளபடியே நேசிக்கப்படுகிறார்கள்.

இந்தக் கடலில் மெய்யாகவே ஒரு 'கடல் கன்னி' உண்டு. அதுதான் ஆவுளியா என்னும் கடற்பசு. கடற்புல் மேய்ந்து, குட்டிக்குப் பால் கொடுக்கும் சாதுவான பிராணி. மாலுமிகள் கண்ட கடல் கன்னியர் இதன் இனமே என்பர். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் இதைக் காக்கிறது. 2022-ல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு இதற்கெனக் காப்பகமாக ஒதுக்கப்பட்டது. ஆனாலும் ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் இடையே பல ஆண்டுகள் ஆகும். வலையில் ஒன்று மாண்டாலும் அந்த இழப்பு எளிதில் ஈடாகாது.

சட்டம் கரையில் இருக்கிறது. வலையோ மீனவரின் கையில் இருக்கிறது. சிக்கிய ஆவுளியாவை வலையை அறுத்து விடுவிக்கும் மீனவருக்கு அந்த வலையின் விலை தாமதமின்றிக் கிடைக்க வேண்டும். கதையில் வரும் கடல் கன்னியை ரசிப்பவர்கள், கடலில் வாழும் கன்னிக்காக இதையாவது கேட்கலாம் அல்லவா?