ஜெரேனியம் வாடினால் கைராசியைக் குறை சொல்லாதீர்கள்

தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி பார்த்துவிட்டு, போகிற வழியில் நர்சரியில் ஒரு ஜெரேனியம் தொட்டி வாங்குபவர்கள் புதுச்சேரியில் நிறைய. மார்ச் வரை பூக்கும். ஏப்ரலில் இலை மஞ்சளாகி, தண்டு கறுத்துவிடும். "எனக்குக் கைராசியே இல்லை" என்று தொட்டியைக் கவிழ்த்துவிடுவார்கள்.

கைராசி பாவம், அது என்ன செய்யும்? நர்சரியில் ஜெரேனியம் என்று கொடுப்பது பெரும்பாலும் பெலார்கோனியம், தென்னாப்பிரிக்கச் செடி. லின்னேயஸ் இரண்டையும் ஒரே பெயரில் அடக்கிவைத்தார். 1789-ல் பிரெஞ்சுக்காரர் லெரித்தியே பிரித்துவிட்டார். கடைக்காரர்களுக்கு இன்னும் செய்தி போகவில்லை!

இணையப் படங்களில் தரையோடு குடை கவிழ்த்த மாதிரி அடர்ந்து, நீலமும் ஊதாவுமாகப் பூக்கிறதே, அதுதான் அசல் ஜெரேனியம். பனியில் மேல்பாகம் காய்ந்தாலும் வேர் உறங்கி, வசந்தத்தில் துளிர்க்கும். அதற்குக் குளிர்தான் ஓய்வு. நம் ஊரிலோ மே மாத இரவுகூட 27 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. ஓய்வுக்கு எங்கே போகும்? ஆனால் இந்த இனத்தில் ஒரு செடி நீலகிரியில் தானாகவே முளைக்கிறது. 19-ம் நூற்றாண்டில் நம் பூங்காவைக் கவனித்துக்கொண்ட பெரோத்தே, செடி சேகரிக்க ஏறிய மலை அது. ஊட்டியில் சொந்தக்காரர் இருந்தால் ஜெரேனியத்தை அவருக்குப் பரிசளியுங்கள்.

அதே தோற்றம் இங்கே வேண்டுமானால் 'ப்ளூ டேஸ்' என்று கேளுங்கள். நம் விஷ்ணுகிராந்தியின் பிரேசில் உறவு. ஓரடி உயரம், இரண்டடி அகலத்துக்குப் பரவும். உப்புக்காற்றைப் பொருட்படுத்தாது, அதனால் கடற்கரைப் பக்கத்து மாடிக்கும் சரி. பூ காலையில் விரிந்து மதியத்துக்குமேல் மூடிக்கொள்ளும். ஆபீஸ் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைதான் ரசிக்க வேண்டும்.

தினம் ஆறு மணி நேரமாவது வெயில் படட்டும். நிழலில் வைத்தால் இலைதான் மிச்சம். செம்மண்ணும் மணலும் சம அளவு, மட்கிய எரு ஒரு பிடி போதும். எரு கூடினால் பூ குறையும். மேல்மண் ஓரங்குலம் காய்ந்த பிறகே தண்ணீர்.

இதற்கு வெயிலைவிட ஐப்பசி, கார்த்திகை மழைதான் எதிரி. தண்ணீர் தேங்கினால் இரண்டே நாளில் வேர் அழுக ஆரம்பிக்கும். தரையில் நடுவதென்றால் அரையடி மேடு கட்டி நடுங்கள். தொட்டிக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்துத் தூக்கிவிடுங்கள். அடியில் இருக்கும் தட்டை மழை முடியும்வரை எடுத்துவிடுங்கள்.

மழை விட்டதும் நுனிகளைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வந்து, செடி உருண்டையாக அடரும். நான்கு அங்குல நுனியாக நறுக்கி, கீழ் இலைகளை உருவிவிட்டு, ஈர மணலில் செருகி நிழலில் வையுங்கள். மூன்று வாரத்தில் வேர் பிடிக்கும். பக்கத்து வீட்டுக்கும் ஒரு தொட்டி கொடுக்கலாம்.