வழித்துணை: திக்லிபூர் சாலை

ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து திக்லிபூர் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். சென்னை–திருச்சி தூரந்தானே என்றெண்ணி, குடும்பத்துடன் ஒரே நாளில் ஓட்டிச் செல்லத் துணிவோர் நம்மிடையே உளர். ஜிர்காடாங்கில் கான்வாய்க்குக் காத்திருக்கிறோம். ஜாரவா காட்டினுள் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டலாகாது, நிறுத்தவும் முந்தவும் கூடாது. பாராடாங்கிற்குக் கடக்கையில் வண்டியேற்றும் படகுக்கு மறுபடி வரிசை. இவ்வாறு போன நேரத்தை அப்பால் விரைந்து மீட்க முனைவதே ஆபத்து. கிழக்கே ஒதுங்கிய நம் தீவுகளிலும் கடிகாரம் இந்திய நேரத்தையே காட்டுவதால், மார்கழியில் மாலை 5 மணியளவிலேயே பொழுது சாய்கிறது. வளைவுகளில் இருள், ஓட்டுபவர் கண்களிலோ முன்னிரவு விட்ட தூக்கம்! ஆதலின் ரங்கத் ஊரில் இரவு தங்குவோம். மறுநாள் மாயாபந்தருக்கு அருகே, வட அந்தமானை இணைக்கும் செங்கப்பா பாலத்தை வெயில் ஏறுமுன் கடக்கலாம். குழந்தைகளும் விழித்திருந்து கடலைக் காண்பர்.