சித்தப்பா கேட்ட கேள்வி

போன ஆண்டு சித்தப்பாவை நீரிழிவுப் பரிசோதனைக்கு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். புதிய மருந்து ஒன்றின் ஆய்வில் சேர விருப்பமா என்று கேட்டு, தாதி ஒருவர் பல பக்க ஒப்புதல் படிவத்தை நீட்டினார். எல்லாம் ஆங்கிலத்தில். சித்தப்பா முதல் பக்கத்தைக்கூடத் திருப்பவில்லை. “நான் என்ன எலியா?” என்றார். மருந்தியல் படிக்கும் நானும் வாய் திறக்கவில்லை.

இன்று அப்படிக் கேட்டால், கார்பமசெபின் கதையைச் சொல்வேன்.

வலிப்பு நோய்க்கான இந்த மருந்து 1953ல் சுவிட்சர்லாந்தில் உருவானது. பலருக்கு இன்றும் நல்ல பலன் தருகிறது. ஆனால் மிகச் சிலருக்கு, மருந்தைத் தொடங்கிய சில வாரங்களில் தோல் கொப்பளித்து, தீப்பட்டதுபோல் உரிந்துவிடும். கண்ணும் வாயும் புண்ணாகும். உயிரே போகலாம். வெள்ளையர் அதிகமுள்ள நாடுகளில் இது 10,000 பேரில் 1 முதல் 6 பேருக்குத்தான் வருகிறது. சில ஆசிய நாடுகளில் ஏறக்குறைய பத்து மடங்கு அதிகம்.

ஏன் என்று 2004ல்தான் தெரிந்தது. தைவானில் இப்படிப் பாதிக்கப்பட்ட 44 பேரைச் சோதித்தார்கள். 44 பேரிடமும் எச்எல்ஏ-பி 1502 என்ற ஒரே மரபணு வகை இருந்தது. சீனரிடமும் மலாய்க்காரரிடமும் அது அதிகம்; இந்தியரிடமும் உண்டு; ஐரோப்பியரிடம் மிக அரிது. மருந்து பிறந்து ஐம்பது ஆண்டு கழித்து வந்த பதில் இது! சிங்கப்பூரில் 2013 முதல், இம்மருந்தைப் புதிதாகத் தொடங்கும் ஆசிய நோயாளிகளுக்கு முன்கூட்டியே மரபணுச் சோதனை செய்கிறார்கள்.

அன்றைய ஆய்வுகளில் ஆசியர்கள் இருந்திருந்தாலும் உடனே கண்டுபிடித்திருப்பார்கள் என்று சொல்லமாட்டேன். முதல் கட்ட ஆய்வில் சில டஜன் பேர்தான் இருப்பார்கள். மூன்றாம் கட்டத்தில்கூடப் பெரும்பாலும் சில ஆயிரம் பேர்தான். ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் ஆபத்து அதில் எளிதாக ஒளிந்துகொள்ளும். ஆனால் நம்மைப் போன்றவர்கள் ஆய்வில் இல்லவே இல்லையென்றால், தேடுவதற்கே வழியில்லை. பிறகு மருந்துக்கடையில் வாங்கிச் சாப்பிடும்போதுதான் நம் உடம்பில் சோதனை நடக்கும், ஒப்புதல் படிவம்கூட இல்லாமல்.

சித்தப்பாவின் பயம் முட்டாள்தனம் அல்ல. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, கிரந்தி நோய் கண்ட கறுப்பின ஆடவர்களிடம் உண்மையைச் சொல்லாமல், சிகிச்சையும் தராமல் வேடிக்கை பார்த்தார்கள். அதுபோன்ற கொடுமைகளுக்குப் பிறகுதான் நெறிமுறைக் குழுக்களும், எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளும் உரிமையும் உறுதியாயின. அந்த உரிமையும் அந்தப் படிவத்தில்தான் எழுதப்பட்டிருக்கும். படிக்காமல் எப்படித் தெரியும்?

இருமொழி படித்த நமக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த மாதம் சித்தப்பாவுக்கு மறுபடியும் மருத்துவமனை. இன்னொரு படிவம் வந்தால், பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி தமிழில் சொல்லப்போகிறேன். அதன் பிறகும் அவர் வேண்டாம் என்றால், சரி.