பிள்ளைகளின் நடைக்கு ஏற்ற பயணம்



பெப்ரவரி மாதப் பாடசாலை விடுமுறை நெருங்குகிறது. சுவிற்சர்லாந்தில் வளரும் நம் பிள்ளைகளுக்கு அது பனிச்சறுக்கின் வாரம். விடுமுறை முடிந்து வகுப்பறைக்குத் திரும்பும்போது, எங்கே சென்றாய் என்ற கேள்வி ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்கப்படுகிறது. ஆகவே இத்தாலிய மலையூர் ஒன்றில் குடும்பமாக ஒரு வாரம் தங்கலாமா என்று உங்களில் சிலர் திட்டமிடத் தொடங்கியிருக்கிறீர்கள். இதைக் குறித்து நம் நடுவே இரண்டு எண்ணங்கள் உலாவுகின்றன. பனிமலையில் விளையாடப் பணம் செலவிடுவது உலக இச்சை, விசுவாசிக்குத் தகாது என்பது ஒன்று. பிள்ளைகள் பிறருக்குமுன் தாழ்ந்துபோகக் கூடாது, கடன் வாங்கியாவது பெயர்பெற்ற இடத்துக்குச் செல்ல வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் தவறு என்பது என் உறுதியான கருத்து. செல்லுங்கள், ஆனால் சிறிய இடத்துக்கு, கையிலுள்ள பணத்தோடு, பிள்ளைகளின் நடைக்கு ஏற்பச் செல்லுங்கள்.

முதலாவது எண்ணத்துக்கு வேதமே விடை தருகிறது. மாற்கு ஆறாம் அதிகாரத்தில், சாப்பிடவும் நேரமின்றி உழைத்த சீஷர்களை ஆண்டவர் தனிமையான ஓர் இடத்துக்கு அழைத்துச் சென்று இளைப்பாறச் சொல்கிறார். இளைப்பாறுதல் ஆண்டவரின் அழைப்பு; அதைச் சோம்பேறித்தனம் என்று நாம் பெயரிடலாகாது. நம்மில் அநேகர் பகலில் ஒரு வேலையும் இரவில் மற்றொரு வேலையுமாகப் பல ஆண்டுகளை உணவகச் சமையலறைகளிலும் துப்புரவுப் பணியிலும் கழித்தவர்கள். தகப்பன் உறங்கும் நேரத்தில் பிள்ளை பாடசாலைக்குச் செல்லும். பிள்ளை உறங்கும் நேரத்தில் தகப்பன் வேலைக்குச் செல்வான். இப்படிப்பட்ட வீட்டில் ஏழு நாட்கள் எல்லோரும் ஒரே மேசையில் அமர்ந்து உண்பது ஆடம்பரமன்று. அது நெடுங்காலமாகச் செலுத்தப்படாதிருக்கும் ஒரு கடமை.

இரண்டாவது எண்ணத்துக்கு வருவோம். கோபுரம் கட்ட மனதுள்ளவன் முதலாவது உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று ஆண்டவர் லூக்கா பதினான்காம் அதிகாரத்தில் போதித்தார். நீங்களும் அவ்வாறே கணவனும் மனைவியுமாக உட்காருங்கள். பிள்ளைகளையும் அருகே அமர்த்துங்கள். அறை வாடகை, எரிபொருள், நெடுஞ்சாலைக் கட்டணம், மின்தூக்கிச் சீட்டு, பனிச்சறுக்குப் பலகையும் காலணியும் வாடகைக்கு எடுக்கும் செலவு, பயிற்சியாளரின் கட்டணம், உணவு ஆகியவற்றை ஒவ்வொன்றாக எழுதுங்கள்.  இத்தாலியில் நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அறிவிப்புப் பலகையுள்ள சாலைகளில் குளிர்காலச் சக்கரங்களோ சங்கிலியோ கட்டாயம். சறுக்குத் தடங்களில் பிறருக்கு நேரும் சேதத்துக்கான காப்புறுதி 2022 முதல் கட்டாயம். தலைக்கவசமும் 2025-26 பருவத்திலிருந்து எல்லா வயதினருக்கும் கட்டாயமாகியுள்ளது. கூட்டிப் பார்த்தபின் தொகை கைமீறினால் நாட்களைக் குறையுங்கள், கடனட்டையை எடுக்காதீர்கள். கடன் வாங்கினவன் கொடுத்தவனுக்கு அடிமை என்று நீதிமொழிகள் எச்சரிக்கிறது. ஏழு நாள் மகிழ்ச்சிக்காகப் பன்னிரண்டு மாதங்கள் மேலதிக வேலை செய்தால், பிள்ளைகளோடு இருப்பதற்காக எடுத்த விடுமுறையே அவர்களிடமிருந்து உங்களைப் பிரித்துவிடும்.

இனி இடத்தைக் குறித்துச் சொல்கிறேன். கோத்தார்ட் வழியாகவோ பெரிய சென் பெர்னார்ட் வழியாகவோ துரின் நகரை அடைந்து, பினெரோலோவைக் கடந்து மலையேறினால் பெரோசா அர்ஜெந்தினா என்னும் ஊர் வரும். அங்கே சாலை பிரிகிறது. ஒரு சாலை செஸ்திரியரேக்குச் செல்கிறது. ஃபியட் நிறுவனத்தின் அக்னெல்லி குடும்பத்தார் 1930-களில் உருவாக்கிய ஊர் அது. 2006-ஆம் ஆண்டு குளிர்கால ஒலிம்பிக்கின் பனிச்சறுக்குப் போட்டிகள் அங்கே நடைபெற்றன. மற்றச் சாலை ஜெர்மனஸ்கா பள்ளத்தாக்கினுள் திரும்பி, ஏறக்குறைய 1,450 மீற்றர் உயரத்திலுள்ள பிராலி என்னும் சிற்றூரில் முடிகிறது. நான் உங்களை இந்த இரண்டாம் சாலைக்கே அனுப்புவேன்.

காரணம் செலவு மட்டுமன்று. அது வால்தேசிய விசுவாசிகளின் பள்ளத்தாக்கு. லூத்தருக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே வேதத்தை மக்களின் மொழியில் வாசிக்க விரும்பியதற்காக விரட்டப்பட்டவர்கள் அவர்கள். 1532-இல் அவர்கள் சீர்திருத்தத்தோடு இணைந்தார்கள். நம் நாட்டின் நியூஷாட்டல் அருகே 1535-இல் அச்சான பிரெஞ்சு வேதாகமம் அவர்களுடைய காணிக்கையால் வெளிவந்தது. 1687-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் அவர்கள் பனி மூடிய ஆல்ப்ஸ் மலையைக் கால்நடையாகக் கடந்து அகதிகளாக ஜெனீவாவுக்கு வந்தார்கள். வழியிலே மடிந்தவர்கள் அநேகர். 1689-இல் ஹென்றி அர்னோ என்னும் போதகரின் தலைமையில் ஜெனீவா ஏரிக்கரையிலிருந்து புறப்பட்டுத் தங்கள் பள்ளத்தாக்குகளுக்குத் திரும்பினார்கள். பிராலியின் ஆலயத்தில் ஆராதித்தார்கள். அக்குளிர்காலத்தில் சுமார் முந்நூறு பேர் அருகிலுள்ள பல்சிலியாவில் முற்றுகைக்குள் இருந்தபோது, வயல்களில் அறுக்கப்படாமல் விடப்பட்ட கதிர்கள் பனிக்கடியில் கெடாதிருப்பதைக் கண்டு, அவற்றை அறுத்து உண்டார்கள். உறைந்த மழையின் பண்டசாலைகளைக் குறித்துக் கர்த்தர் யோபுவிடம் கேட்டது உங்கள் நினைவுக்கு வரவில்லையா?

அகதியாக இந்நாட்டுக்கு வந்து, முதல் பனியைக் கண்டு அஞ்சி நின்ற பெற்றோரே, இந்த வரலாற்றை உங்கள் பிள்ளைகளுக்கு வேறு யாரால் உங்களைப்போல் சொல்ல முடியும்? பிராலியில் ஆகாப்பே என்னும் கிறிஸ்தவ இல்லமும் உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1947 முதல் போதகர் துல்லியோ வினாயின் அழைப்பில், சற்றுமுன் பகைவராயிருந்த நாடுகளின் வாலிபர் கூடி வந்து கல்மேல் கல் வைத்து அதைக் கட்டினார்கள். போரின் வடுக்களைச் சுமக்கும் நம் குடும்பங்கள் ஒருமுறை அதன்முன் நின்று ஜெபிப்பது நலம்.

யாக்கோபு ஏசாவோடு விரைந்து பயணிக்க மறுத்ததைக் கவனியுங்கள். பிள்ளைகள் இளம்பிள்ளைகள், அவர்களுடைய நடைக்கு ஏற்ப மெதுவாய் வருகிறேன் என்றான். ஒரு குடும்பப் பயணத்துக்கு இதைவிடச் சிறந்த திட்டம் எனக்குத் தெரியாது. இத்தாலியில் நீலத் தடம் எளியது, சிவப்பு நடுத்தரமானது, கறுப்பு கடினமானது. பிள்ளைகள் பாடசாலை முகாம்களில் கற்றிருப்பார்கள். பெற்றோராகிய நீங்கள் கற்றிருக்க மாட்டீர்கள். ஆயினும் வாகனத்தில் அமர்ந்து காத்திராதீர்கள். தொடக்கநிலைச் சரிவில் அவர்களோடு நில்லுங்கள். நீங்கள் விழும்போது உங்கள் மகள் கைகொடுத்துத் தூக்கட்டும். வீட்டில் எப்போதும் கட்டளையிடுகிற தகப்பன் மகளிடம் கற்றுக்கொள்வதை அவள் வாழ்நாளெல்லாம் மறக்கமாட்டாள். பனியில் இறங்க முடியாத பாட்டியையும் அழைத்துச் செல்லுங்கள். அவருக்குச் சூடான அறையும், வெயில் படும் ஓர் இருக்கையும், மாலையில் கதை கேட்கும் பேரப்பிள்ளைகளும் போதும்.

இறுதியாக, நான் மிகவும் வலியுறுத்தும் ஒன்று. ஓய்வுநாள் கட்டளை உபாகமம் ஐந்தாம் அதிகாரத்தில் மீண்டும் சொல்லப்படும்போது, உன்னைப்போல உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும் என்று கர்த்தர் சொல்கிறார். அதற்கு அவர் காட்டும் காரணம், எகிப்திலே நீயும் அடிமையாயிருந்தாய் என்பதே. விடுதி அறையைத் துப்புரவு செய்கிறவர் யார், பின்கட்டில் பாத்திரம் கழுவுகிறவர் யார் என்று மற்றவர்கள் அறியாதிருக்கலாம், நீங்கள் அறிவீர்கள். ஆகவே அறையை ஒழுங்காக விட்டுச் செல்லுங்கள். பணியாளரின் பெயரைக் கேட்டு நன்றி கூறுங்கள். ஒருநாள் மாலை நீங்களே சமையுங்கள். பிள்ளைகள் அதைப் பார்க்கட்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நேரத்தை முன்கூட்டியே விசாரித்து, மொழி புரியாவிடினும் அந்த ஊர்ச் சபையாரோடு அமர்ந்து கர்த்தரைத் தொழுதுகொள்ளுங்கள்.

செல்ல வசதியில்லாத குடும்பங்கள் நம் சபையில் உண்டு. திரும்பி வந்தபின் அவர்கள்முன் புகைப்படங்களைப் பரப்பாதீர்கள். உங்கள் வாகனத்தில் ஓர் இருக்கை காலியாயிருந்தால், இப்போதே அவர்களுடைய பிள்ளையை அழையுங்கள்.

ஜெபிப்போம்: அன்பின் பரலோக பிதாவே, உழைத்துக் களைத்த எங்கள் குடும்பங்களுக்கு இளைப்பாறுதல் தாரும். எங்கள் போக்கையும் வரத்தையும் காத்தருளும். எங்களுக்குப் பணிவிடை செய்கிறவர்களை நாங்கள் மறவாதிருக்கக் கிருபை செய்யும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென்.