ஈட்டி எறிந்தவன் என் தம்பி இல்லை

என் தம்பி திமிங்கலத்தைக் கொன்றதில்லை. கொல்லுகிற ஈட்டியைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. தூண்டில் போட்டு சூரையும் சுறாவும் பிடிக்கிற தூத்தூர்க் கரைக்காரன். ஆழ்கடலில் மிதந்து வந்த ஒரு கட்டியை எடுத்தான், அவ்வளவுதான். அதற்கு அவன் பேரில் எழுதியிருப்பது வனவிலங்குக் குற்றம். 1972-ஆம் வருஷத்துச் சட்டம், மூன்று வருஷத்திலிருந்து ஏழு வருஷம் வரை போகலாம் என்கிறார் வக்கீல். இந்தக் கல்லாற்றில், பொன்முடி ஏறுகிற வண்டிக்காரர்களுக்கு டீ ஆற்றிக் கொடுத்துப் பிழைக்கிற என்னைத் 'திமிங்கல வேட்டைக்காரனோட அக்கா' என்கிறார்கள். முகத்துக்கு நேரே இல்லை, நான் கிளாஸ் கழுவத் திரும்பும்போது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். இனி முடியாது.

அந்தக் கட்டியை நானும் பார்த்தேன். சாம்பல் நிறம். தொட்டால் மெழுகுபோல ஒட்டியது. ஓரத்தில் கணவாயின் கறுத்த அலகு ஒன்று பதிந்து கிடந்தது. சாணியும் உப்பும் கலந்த ஒரு வாடை. புரோக்கர் ஒருத்தன் கோணி ஊசியை என் கடை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி அதில் குத்தினான். குத்தின இடம் கறுப்பாக உருகிப் புகைந்தது. முகர்ந்து பார்த்தான். "ஒரிஜினல்" என்றான். கணவாயைத் தின்று வாழ்கிற ஸ்பெர்ம் திமிங்கலத்தின் குடலில் செரிக்காத அலகுகளைச் சுற்றிச் சேருவதாம் அது. அதுவாக வெளியே வந்து கடலில் வருஷக்கணக்கில் மிதக்குமாம். அம்பர் என்று பேர். பணக்காரர்கள் உடம்பில் பூசுகிற சென்டின் வாசனை நிற்க வேண்டுமென்றால் இது வேண்டுமாம்.

வாங்குகிற பார்ட்டி பொன்முடி ரோட்டில் ஒரு ரிசார்ட்டில் காத்திருக்கிறது என்று சொல்லித்தான் கடற்கரைப் பையனை இந்த மலைக்கு வரவழைத்தார்கள். வளைவு திரும்புவதற்குள் அதிகாரிகள் பிடித்துவிட்டார்கள். புரோக்கர் எங்கே? வெள்ளைக் காரில் வந்து முன்பணம் கொடுத்துப் போனவன் எங்கே? பையைச் சுமந்தவன் மட்டும் எப்படி ஐயா தனியாகக் கிடைத்தான்?

"விழிஞ்ஞத்துக்காரர்கள் 2022-ல் 28 கிலோவுக்கு மேல் கிடைத்த அம்பரை அப்படியே கொண்டுபோய் ஒப்படைத்தார்களே, உன் தம்பிக்கு அந்த மனசு ஏன் வரவில்லை?" என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அந்த மீனவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் 2017 ஒக்கிப் புயலில் பங்குப் படகு போய், உயிரை மட்டும் பிடித்துக்கொண்டு கரையேறியவன் என் தம்பி. படகு போனது, கடன் போகவில்லை. வட்டிக்காரன் வாசலில் நிற்கும்போது கையில் ஒரு கோடி இருக்கிறது என்று ஒருத்தன் காதில் ஓதினால்? அந்தக் கோடிக் கணக்கை முதலில் ஓதியது யார்? எங்கேயாவது ஒரு கட்டி பிடிபட்டால் போதும், 'பல கோடி மதிப்பு' என்று பேப்பரில் கொட்டை எழுத்தில் போடுகிறீர்களே, அந்த எழுத்தைக் காட்டித்தானே புரோக்கர்கள் கரை கரையாக ஆள் பிடிக்கிறார்கள்?

வேட்டை என்ற சொல்லை எங்கள் குடும்பத்தின் மேல் எறிந்த பிறகுதான், பள்ளிக்கூடம் போகிற மகளை உட்கார வைத்துத் தேடச் சொன்னேன். அவள் படிக்கப் படிக்க வயிறு எரிந்தது. போன நூற்றாண்டில் மட்டும் ஏறத்தாழ 29 லட்சம் திமிங்கலங்களைத் தொழிலாகவே கொன்றிருக்கிறார்கள். எண்ணெய்க்கும் இறைச்சிக்கும் மெஷினுக்கு மசகு போடவும். கொன்ற ஸ்பெர்ம் திமிங்கலத்தின் குடலைக் கிழித்து இதே அம்பரைத் தேடியிருக்கிறார்கள். எல்லாம் எங்கோ தூர தேசத்துக் கதையா? இல்லை. 1966 நவம்பரில் 'ஸ்லாவா', 'சோவியத்ஸ்காயா உக்ரைனா' என்ற சோவியத் கப்பல்கள் துணைப் படகுகளோடு நம் அரபிக் கடலுக்கே வந்தன. பத்தே நாளில் 238 கூன்முதுகுத் திமிங்கலங்கள். வயிற்றில் கன்று சுமந்தவை எத்தனையோ. விதியை மீறிய வேட்டை. அதனால் கணக்கிலும் பொய். உலகத்தின் தென்பாதிக் கடல்களில் அவர்கள் கொன்ற கூன்முதுகுத் திமிங்கலங்கள் 48,000-க்கும் மேல். காகிதத்தில் எழுதியது வெறும் 2,710. அலெக்சி யாப்லகோவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி 1993-ல் வெளியே சொல்லாவிட்டால் உலகத்துக்கே தெரிந்திருக்காது. நம் அரபிக் கடலின் கூன்முதுகுத் திமிங்கலமோ, அந்தக் கடலை விட்டு வேறெங்கும் போகாத இனம். ஓமன் கரையோரம் இன்று நூறுகூட மிஞ்சவில்லை என்கிறார்கள். அந்தப் பொய்க் கணக்கை எழுதியவனுக்கு யார் விலங்கு மாட்டினார்கள்? எந்தக் கோர்ட்டில் நிறுத்தினார்கள்?

1979-ல் சர்வதேசத் திமிங்கல வேட்டை ஆணையத்தில் இந்தியப் பெருங்கடலையே திமிங்கலங்களுக்கான சரணாலயம் என்று அறிவித்தார்கள். 1982-ல் வணிக வேட்டையை நிறுத்துவதென்று ஓட்டுப் போட்டார்கள், 1986-லிருந்து அமல். நல்லதுதான். ஆனால் நார்வே ஒப்புக்கொள்ளாமல் 1993-லிருந்து மறுபடி சுடுகிறது. ஜப்பான் 2019-ல் ஆணையத்தை விட்டே வெளியேறி, மறுநாளே வேட்டையைத் தொடங்கியது. 2024-ல் 'காங்கெய் மாரு' என்று புத்தம் புதிய கப்பலையே இறக்கியிருக்கிறது. நாடாக இருந்தால் கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகலாம். என் தம்பி எதிலிருந்து வெளியேறுவான்? பிரான்சில் இதே அம்பரைச் சட்டப்படி விற்கலாம், வாங்கலாம். இங்கே கையில் வைத்திருந்தாலே ஜெயில். வாங்குகிறவன் மூக்குக்கு வாசனை, எடுத்தவன் கைக்கு விலங்கா?

சட்டத்தைத் தளர்த்துங்கள் என்று நான் கேட்கவில்லை. காசு மணக்கிற இடத்தில் ஈட்டியும் வரும் என்று எனக்கும் தெரியும். விழிஞ்ஞம் கடலில் இறக்கி வைத்த கருவியில் 2021-ல் நீலத் திமிங்கலத்தின் குரல் பதிவானது என்று மகள் படித்தபோது, இத்தனை கொலைக்குப் பிறகும் நம் கரைக்கு வருகிறதே என்று அழுதுவிட்டேன். அது வாழட்டும். அதைக் காக்கிற சட்டம் இருக்கட்டும். ஆனால் அந்தச் சட்டம் ஏன் கீழே மட்டும் பாய்கிறது?

அம்மைக்கு இன்னும் சரியாகச் சொல்லவில்லை. ஃபோன் போட்டால், "புள்ள எப்ப மக்கா வருவான்?" என்கிறாள். ஜாமீனுக்கு என் தாலியை அடகு வைத்தாயிற்று. கேஸ் தேதி தேதியாகத் தள்ளிப்போகிறது. வெள்ளைக் காரின் நம்பரைப் பிடிபட்ட அன்றைக்கே என் தம்பி சொல்லிவிட்டான். எழுதிக்கொண்டார்கள், நான் பக்கத்தில்தான் நின்றேன். குற்றப்பத்திரிகையில் அந்த நம்பர் இல்லை. அதை எடுத்தது யார் ஐயா? எவ்வளவுக்கு எடுத்தீர்கள்?